தண்ணீருக்குப் பயந்திருந்தால் நெய்வேலி ஏது? தயங்கித் தயங்கி முதல்வரான காமராஜரின் கதை

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒரு ரவுண்டு வந்தவர்களுக்குத் தெரியும். நேர்கோட்டுச் சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், நம்பர் போட்ட வட்டங்கள். 70 வருஷத்துக்கு முன்னால் இது தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு மூலை. பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது அப்போதே தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளியே வந்ததில்தான் கதையே ஆரம்பம். அதன்பிறகு நடந்த துளை ஆய்வுகள், பல கோடி டன் இருப்பதை உறுதி செய்தன.

ஆனால் எடுக்க முடியுமா? அதுதான் பெரிய கேள்வி.

காரணம் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஒரு நீர்த்தாங்கி இருக்கிறது. சும்மா தேங்கிக் கிடக்கும் தண்ணீர் இல்லை. மேலே இருக்கும் மண்ணின் அழுத்தத்தில் அடைபட்டு, மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோ வரை அழுத்தம். மேலே இருக்கும் மண்ணை அள்ளினால், கீழே இருப்பது படுகையையே உடைத்துக்கொண்டு வந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். வல்லுநர்களின் பயம் நியாயமானது. பணம் போட்டு ஏரி வெட்டின கதையாகிவிடக் கூடாதே.

இந்தச் சூழலில்தான் 1954 ஏப்ரல் 13-ம் தேதி காமராஜர் சென்னை மாகாண முதல்வரானார். அந்த நாற்காலியில் உட்கார அவருக்கே முதலில் மனசு இல்லை. 1940-லிருந்து கட்சியை நடத்தியவர், முதல்வர்கள் வருவதையும் போவதையும் பின்னாலிருந்து தீர்மானித்தவர்தான். ஆனால் ஆட்சி நடத்துவது வேறு விஷயம் இல்லையா? விருதுநகரில் சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து, பாதியில் பள்ளியை விட்டு, மாமாவின் துணிக்கடையில் நின்றவர். அவரது கல்லூரி என்றால் சுமார் 9 வருஷச் சிறைவாசம்தான். பட்டமும் ஆங்கிலமும் இருந்தால்தான் கோட்டை என்று பலர் நினைத்த காலம் அது.

ராஜாஜி விலகியதும் நண்பர்களும் ஆதரவாளர்களும் வற்புறுத்த, தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதும் செய்த முதல் வேலைதான் சுவாரஸ்யம். கட்சித் தலைமைக்கு தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். தன்னையும் சேர்த்து மொத்தமே 8 பேர். தனக்குத் தெரியாததை மறைக்காமல், தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. நம்ம ஆபீஸ் மீட்டிங்குகளில் அபூர்வமாகவே பார்க்கக் கிடைக்கும் குணம்.

நெய்வேலி விஷயத்திலும் அதே வழிதான். இது அவர் ஒருவரின் சாதனை இல்லை. ஆய்வுகள் அவருக்கு முன்பே தொடங்கிவிட்டன. ஆனால் ஆய்வு அறிக்கை வேறு, முடிவு வேறு. மாகாணத்தில் நிலக்கரி கிடையாது, வங்காளம், பீகாரிலிருந்து ரயிலில் வர வேண்டும். பைக்காரா, மேட்டூர் நீர்மின்சாரமோ மழையை நம்பியது. தண்ணீர்ப் பிரச்சினை முழுசாகத் தீரட்டும் என்று காத்திருந்தால் ஃபைல் அலமாரியிலேயே கிடந்திருக்கும். வெளிநாட்டு நிபுணர்களின் ஆலோசனையும், டெல்லியோடு பேச்சும் சேர்ந்தே நடந்தன. திட்டம் மத்திய அரசிடம் போய், 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

தீர்வு கேட்க எளிமையானது: தண்ணீரை எதிர்த்து நிற்காமல், முதலில் அதை இறக்கு. சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகலாக பம்ப் அடித்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் படுகையைத் தொட வேண்டும். பம்புகள் நின்றால் கதை முடிந்தது. 1961 ஆகஸ்ட் 24-ல் முதல் நிலக்கரி வெளியே வந்தது. அடுத்த வருஷமே சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் மின்சாரம் ஓடியது.

காமராஜர் 1963 அக்டோபர் 2-ல் பதவியை விட்டார். 1975-ல் அதே தேதியில் இறந்தார்.

நெய்வேலிக் கதையை இத்தோடு முடிப்பது பலருக்கு வசதி. ஆனால் இந்த ரிஸ்க்கில் இன்னொரு பங்குதாரரும் உண்டு: நிலத்தைக் கொடுத்த கிராமங்கள். அவர்களின் பயத்தைப் போக்க, பொறியாளர்களின் பயத்துக்குக் கொடுத்த அளவு கவனம் கொடுக்கப்படவில்லை. ஒருகாலத்தில் தானாகப் பொங்கி வயலில் பாய்ந்த ஊற்றுக் கிணறுகள் சுற்றுவட்டாரத்தில் அடங்கிப்போயின. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது வெடித்த கோபம், அந்தப் பழைய கணக்கின் தொடர்ச்சிதான். பம்புகள் மட்டும் இன்றைக்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.