மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜான் பென்னிகுவிக்கின் பெயரை அறியாத குழந்தையும் இல்லை. 1895ஆம் ஆண்டு பெரியாற்று நீரை மலை கடத்திக் கொணர்ந்த அந்த ஆங்கிலப் பொறியாளரின் பிறந்த நாளாகிய ஜனவரி 15இல் நம் உழவர்கள் பொங்கலிட்டு மகிழ்கின்றனர். நன்றி மறவாமை இம்மண்ணின் குணம். ஆயினும் நம் கிறிஸ்தவ இளைஞரிடம், நீர் பின்பற்ற விரும்பும் பெரியார் யாவர் என வினவினால், ஒருவர் மிஷனெரியின் பெயரைக் கூறுகிறார். மற்றொருவர் திரைப்பட நடிகரின் பெயரைக் கூறுகிறார். நம் குலத்திற் பிறந்த ஒருவரைக் கூறுவார் மிகச் சிலரே. ஆகவே இம்மலரில் மகாராசன் வேதமாணிக்கனாரின் வாழ்வை எழுதத் துணிந்தேன்.

அவர் குமரி நாட்டு மயிலாடியில் சாம்பவர் குலத்திற் பிறந்தவர். அந்நாளில் அவ்வூர் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. பொதுவழியில் நடக்கவும் உரிமையற்ற காலம். ஒடுக்கப்பட்ட மக்களை நிலத்தோடு சேர்த்து விற்ற காலம். அங்கு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

மகாராசன் இறைப்பற்று மிக்கவர். உறவினர் சிவகுருநாதனை உடன் அழைத்துக்கொண்டு சிதம்பரத்திற்கு நடந்தே யாத்திரை சென்றார். கோயிலினுள் செல்ல உரிமையற்ற குலத்தார் அத்தனை தொலைவு நடந்தது எத்தகைய வேட்கை! அங்கு அவர் மனம் அமைதியுறவில்லை. திரும்பும் வழியில் தஞ்சையில் சுற்றத்தாரிடம் தங்கியபோது அங்குள்ள கிறிஸ்தவ ஆலய வழிபாட்டைக் கண்டார். சில காலம் தங்கிக் கற்றுக் கோலாப் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். இது 1799ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். தஞ்சையில் ஆலயமும் பள்ளியும் ஆதரிக்கும் சபையும் இருந்தன. அங்கேயே தங்கியிருப்பின் யாரும் குறை கூறியிரார். அவரோ நூல்களைச் சுமந்துகொண்டு, தம்மை இழிவாய் நோக்கிய அதே ஊருக்குத் திரும்பினார். படித்துப் பட்டம் பெற்றதும் சென்னைக்கோ திருப்பூருக்கோ சென்று, பிறந்த தெருவை மறந்துவிடும் நம் பிள்ளைகளை எண்ணும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவே வருகிறது.

ஊரில் சுற்றத்தாருக்கு வேதம் கற்பித்தார். சிறு கூட்டம் சேர்ந்தது, எதிர்ப்பும் சேர்ந்தது. தொல்லை மிகவே, அனைவரையும் அழைத்துக்கொண்டு தஞ்சைச் சீமைக்கே குடிபெயரலாமா என்றும் அவர் எண்ணியதுண்டு. குருவானவர் ஒருவரை அனுப்புமாறு விடாது வேண்டினார். அவ்வேண்டுகோளின் பயனாகவே இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1806 ஏப்ரல் 25இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்தார். மிஷனெரி வந்து சபையைத் தொடங்கினார் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். சபை முன்னரே இருந்தது. அதுவே மிஷனெரியை அழைத்தது. அரசின் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. 1809இல்தான் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே ஐயர் 1816இல் விடைபெற்றார். செல்லும்போது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கனாரிடமே ஒப்படைத்தார். மயிலாடி, தாமரைக்குளம், புத்தளம் முதலிய அச்சபைகளின் மக்களிற் பெரும்பாலோர் வேறு சாதியினர். அவர்களை ஏறத்தாழ இரண்டாண்டு சாம்பவர் ஒருவர் வழிநடத்தினார். வழிபாடும் பள்ளிகளும் சிதையாமல் காத்தார். இது நடந்தது இருநூறு ஆண்டுகட்கு முன். ஆலயத்தில் தனி இருக்கையும் கல்லறைத் தோட்டத்தில் தனிச் சுவரும் கண்ட தமிழ்நாட்டுத் திருச்சபையில் இச்செய்தியை உரக்கக் கூறவேண்டியவர் நாமே. நாம் கூறாவிடில் வேறு யார் கூறுவார்?

1818இல் சார்லஸ் மீட் ஐயர் வந்து பொறுப்பேற்றதும் மிஷனின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறியது. வேதமாணிக்கனார் மனங்கோணாது தம் ஊழியத்தைத் தொடர்ந்தார். தலைமை கைமாறியதும் சங்கத்தையே உடைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டென்பது உறுப்பினர் அறியாததன்று.

1827இல் அவர் மறைந்தார். மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. தேனியினின்று மதுரை, நெல்லை வழியாக ஆரல்வாய்மொழி கடந்தால் மயிலாடி தொலைவில் இல்லை. நம் சங்கத்தின் அடுத்த கோடைச் சுற்றுலாவை அவ்வூருக்கு அமைக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறேன்.