கணவர் டாக்காவில், மனைவி சுருலியாவில்: ஹவில்தார் காஜி நஸ்ருல் இஸ்லாமின் இல்வாழ்க்கை

கொல்கத்தா: டம்டம் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் அகன்ற சாலையை எல்லோரும் விஐபி சாலை என்றே அழைக்கின்றனர். அதன் அதிகாரபூர்வப் பெயர் காஜி நஸ்ருல் இஸ்லாம் சரணி. வங்கதேசத்தின் தேசியக் கவிஞராகப் போற்றப்படுபவரின் பெயர் இந்திய மாநகர் ஒன்றின் தலைவாயிலில் இருப்பது வெளியூர்ப் பயணிகளுக்கு வியப்பளிக்கலாம். ஆனால் நஸ்ருல் பிறந்தது மேற்கு வங்கத்தில். எழுதியது, மணந்தது, பிள்ளைகளை வளர்த்தது, பேச்சிழந்து 30 ஆண்டுகள் வாழ்ந்தது ஆகியவற்றில் பெரும்பகுதி கொல்கத்தாவில்.

கலகக் கவிஞர் என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவச் சீருடை அணிந்தவர் என்பதும், நோயுற்ற மனைவிக்காகத் தம் எழுத்தின் உரிமைகளையே அடகு வைத்தவர் என்பதும் அந்தப் பட்டத்தின் நிழலில் மறைந்துபோயின. ஆகஸ்ட் 29 அவரது நினைவு நாள்.

பர்தமான் மாவட்டம் ஆசன்சோல் அருகே உள்ள சுருலியா கிராமத்தில் 1899 மே 24 அன்று நஸ்ருல் பிறந்தார். வீட்டில் அவரை அழைத்த பெயர் துக்கு மியா. துக்கம் என்னும் சொல்லே அந்தச் செல்லப் பெயரின் வேர். தந்தை காஜி ஃபகீர் அகமது உள்ளூர்ப் பள்ளிவாசலின் இமாம். 1908-இல் அவர் காலமானபோது மகனுக்கு ஒன்பது வயது. குடும்பத்தைத் தாங்க அச்சிறுவன் மதரசாவில் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தான். பள்ளிவாசல் பணிகளைச் செய்தான். பின்னர் லேட்டோ எனப்படும் கிராமியக் கூத்துக் குழுவில் சேர்ந்து பாட்டுக் கட்டினான். ஆசன்சோலில் ரொட்டிக் கடை ஒன்றிலும் வேலை பார்த்தான். இறுதியில் ராணிகஞ்ச் அருகே சியர்சோல் ராஜ் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு ஓரளவு நிலைபெற்றது. பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளரான சைலஜானந்த முகோபாத்யாய அங்கே அவருக்கு நண்பரானார்.

1917-இல், பத்தாம் வகுப்பு மாணவராக இருந்த நிலையில், நஸ்ருல் ராணுவத்தில் சேர்ந்தார். அதன் பின்னணியைச் சற்று விளக்க வேண்டும். போர்க்குணம் உள்ள இனங்கள், அது இல்லாத இனங்கள் என்று ஆங்கிலேய அரசு இந்தியரை வகுத்து வைத்திருந்தது. வங்காளிகள் இரண்டாவது பட்டியலில் இருந்தனர். போர் நீண்டு ஆட்கள் தேவைப்பட்டபோதுதான் 1916-இல் வங்காளிகளைக் கொண்ட ஒரு படைப்பிரிவுக்கு அனுமதி கிடைத்தது. அது பின்னர் 49-ஆவது வங்காளிப் படையணியாக வளர்ந்தது. தம் இனத்தின்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்கப் படித்த இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தனர். ஆயுதப் பயிற்சி பிற்காலத்தில் வேறு வகையில் பயன்படும் என்று எண்ணியவர்களும் இருந்தனர். அந்தப் படையணியில் உயிரிழந்தோருக்கான நினைவுச் சின்னம் கொல்கத்தாவின் காலேஜ் ஸ்கொயரில் இன்றும் நிற்கிறது.

நௌஷேராவில் பயிற்சி முடித்த நஸ்ருல், கராச்சி பாசறைக்கு அனுப்பப்பட்டார். படையணியின் ஒரு பகுதி மெசபடோமியாவுக்குச் சென்றது, அவர் செல்லவில்லை. போர்முனையை அவர் கண்ணால் கண்டதே இல்லை. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் ஹவில்தாராக உயர்ந்து, பொருள் வழங்கலைக் கவனிக்கும் குவார்ட்டர் மாஸ்டர் பொறுப்பை வகித்தார். பாசறையில் இருந்த பஞ்சாபி மௌலவி ஒருவரிடம் பாரசீகம் கற்று, ஹாஃபிஸின் கவிதைகளை மூலத்திலேயே படித்தார். அவரது முதல் சிறுகதை 1919 மே மாதம் சௌகாத் இதழில் வெளியானது. ஊர்சுற்றி ஒருவன் தன் கதையைக் கூறுவதாக அமைந்த படைப்பு அது. அக்காலத்தில் கராச்சியிலிருந்து கொல்கத்தா இதழ்களுக்கு வந்த கையெழுத்துப் படிகளில் ஹவில்தார் காஜி நஸ்ருல் இஸ்லாம் என்றே ஒப்பம் இருந்தது. பாசறை வாழ்க்கை பிற்பாடு பாந்தன் ஹாரா என்னும் கடித வடிவ நாவலிலும் இடம்பெற்றது.

போர் முடிந்ததும் படையணிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. 1920-இல் அது கலைக்கப்பட்டது. படையிலிருந்து விடுபட்ட 20 வயது இளைஞர், கொல்கத்தா காலேஜ் தெரு 32-ஆம் எண் கட்டடத்தில் இருந்த வங்காள முஸ்லிம் இலக்கியச் சங்க அலுவலகத்தில் வந்து தங்கினார். இந்தியப் பொதுவுடைமை இயக்கத்தின் தொடக்க காலத் தலைவர்களுள் ஒருவரான முசாஃபர் அகமது அங்கே அவரது அறைத் தோழர். இருவரும் நவயுகம் என்னும் நாளிதழில் சேர்ந்து பணியாற்றினர்.

1921-இன் கடைசி வாரத்தில் தால்தலா சந்து வீடொன்றில் ஒரே இரவில் பென்சிலால் எழுதப்பட்டது பித்ரோஹி என்னும் நெடுங்கவிதை. கலகக்காரன் என்பது அதன் பொருள். 1922 ஜனவரி 6 அன்று பிஜ்லி வார இதழில் அது அச்சானவுடன் கொல்கத்தா முழுவதும் அவர் பெயர் பரவியது. சென்னையில் பாரதியார் மறைந்து நான்கு மாதங்கள் நிறையாத காலம் அது.

அதே ஆண்டு ஆகஸ்டில் தூமகேது என்னும் இதழைத் தொடங்கினார். துர்க்கை பூஜைக் காலத்தில், தேவியை முன்னிலைப்படுத்தி ஆங்கில ஆட்சியைச் சாடி அவர் எழுதிய கவிதைக்காக அரசு தேசத் துரோக வழக்குத் தொடுத்தது. நவம்பரில் குமில்லாவில் கைதானார். 1923 ஜனவரியில் ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ரவீந்திரநாத் தாகூர் தமது வசந்தா நாடகத்தை, சிறையிலிருந்த இந்த இளைஞருக்குக் காணிக்கையாக்கினார். ஹூக்ளி சிறையில் கைதிகள் நடத்தப்பட்ட விதத்தை எதிர்த்து நஸ்ருல் ஏறத்தாழ 40 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அதைக் கைவிடுமாறு வேண்டி தாகூர் அனுப்பிய தந்தி உரிய சிறைக்குப் போய்ச் சேராமல் திரும்பி வந்தது. கடைசியில் குமில்லாவிலிருந்து வந்த விரஜாசுந்தரி தேவி என்னும் அம்மையாரின் கையால் பழச்சாறு பெற்றே அவர் உண்ணாநோன்பை முடித்தார். அவரை நஸ்ருல் அம்மா என்று அழைத்து வந்தார்.

இந்த அம்மையார் வழியாகவே அவரது இல்லறக் கதையும் தொடங்குகிறது. அதற்கு முன் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1921 ஜூனில் குமில்லா மாவட்டத்தின் தௌலத்பூரில் நர்கிஸ் என்னும் பெண்ணுடன் நஸ்ருலுக்குத் திருமணம் ஏற்பாடாயிற்று. மணமகன் பெண் வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனை எழுந்தபோது அவர் அன்றிரவே அங்கிருந்து வெளியேறிவிட்டார். நிபந்தனை எப்படிப்பட்டதாக இருப்பினும், பின்னே விடப்பட்ட பெண்ணுக்கு நேர்ந்தது சிறு துயரமல்ல. நஸ்ருலைக் குறையற்றவராகக் காட்ட விரும்பும் வரலாறுகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

அங்கிருந்து அவர் சென்றடைந்தது குமில்லா நகரில் இருந்த சென்குப்தா குடும்பத்தின் வீடு. விரஜாசுந்தரியின் கொழுந்தன் மகள் ஆஷாலதா அங்கே வளர்ந்து வந்தார். அவருக்கு நஸ்ருல் சூட்டிய பெயர் பிரமீளா. 1924 ஏப்ரல் 25 அன்று இருவரும் கொல்கத்தாவில் மணம் புரிந்துகொண்டனர். மணமகள் இந்து, மணமகன் முஸ்லிம். இருவரும் மதம் மாறவில்லை. இரு தரப்பிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெண்ணின் தாய் கிரிபாலா தேவி மட்டும் உற்றாரைவிட்டு மகளுடன் வந்து, மருமகன் வீட்டிலேயே தங்கிக் குடும்பத்தைக் கவனித்தார்.

அந்த வீட்டின் போக்கைப் பிள்ளைகளின் பெயர்களே சொல்லும். முதல் மகன் கிருஷ்ண முகம்மது, கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான். இரண்டாமவன் அரிந்தம் காலித். செல்லப் பெயர் புல்புல். அடுத்தவர்கள் காஜி சவ்யசாசி, காஜி அனிருத்தா. வகுப்புக் கலவரங்கள் கொல்கத்தாவைச் சூழ்ந்த 1926-இலும் அவ்வீட்டில் இரு மரபுகளும் உடன் வாழ்ந்தன. அல்லாவைப் போற்றும் பாடல்களும் காளியைப் போற்றும் சியாமா சங்கீதமும் ஒரே பேனாவிலிருந்து பிறந்தன.

1928-இல் கிராமபோன் நிறுவனத்துடன் ஏற்பட்ட தொடர்பால் வருமானம் உயர்ந்தது. அவர் இயற்றி இசையமைத்த பாடல்கள் ஆயிரக்கணக்கானவை. 1929 டிசம்பர் 15 அன்று கொல்கத்தா ஆல்பர்ட் ஹாலில் அவருக்குப் பொதுப் பாராட்டு விழா நடந்தது. அறிவியலறிஞர் பிரபுல்ல சந்திர ராய் தலைமை தாங்கினார்; சுபாஷ் சந்திர போஸ் உரையாற்றினார். பணத்தைச் சேர்த்து வைக்கும் பழக்கம் மட்டும் நஸ்ருலுக்கு வரவே இல்லை. கை நிறையச் சம்பாதித்த ஆண்டுகளில் கார் வாங்கினார், விருந்து வைத்தார், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்.

விழா நடந்து ஐந்து மாதங்கள் கூட ஆகவில்லை. 1930 மே மாதம் நான்கு வயது நிறையாத புல்புல் பெரியம்மையால் இறந்தான். இசையில் அபாரமான காது வாய்த்த குழந்தை என்று தந்தையின் நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கின்றனர். நோயுற்ற மகனின் படுக்கையருகே அமர்ந்து நஸ்ருல் ஹாஃபிஸின் ருபாயத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கராச்சி பாசறையில் கற்ற பாரசீகம் அது. நூல் வெளியானபோது அதைப் புல்புலுக்கே உரித்தாக்கினார். இதன் பிறகு அவரது மனம் ஆன்மிகத்தின் பக்கம் திரும்பியது. அரசியல் எழுத்து குறைந்தது. அவர் தளர்ந்துவிட்டதாகச் சில விமர்சகர்கள் கூறியதுண்டு. மகனைப் பறிகொடுத்தவரிடம் முழக்கத்தை எதிர்பார்த்த விமர்சனம் என்றே அதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

1939-இல் பிரமீளாவுக்கு இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. அலோபதி, ஆயுர்வேதம், சாமியார்கள், தாயத்துகள் என எல்லா வழிகளையும் கணவர் நாடினார். சிகிச்சைச் செலவுக்காக கிராமபோன் பாடல்களுக்கான உரிமைத் தொகையையும் நூல்களின் பதிப்புரிமையையும் அடகு வைத்தார். கார் போயிற்று. கொல்கத்தா வானொலியிலும் பத்திரிகை அலுவலகத்திலும் இடைவிடாமல் வேலை செய்தார். 1941 ஆகஸ்டில் தாகூர் மறைந்தபோது வானொலியில் அஞ்சலிக் கவிதை வாசித்த குரல் அவருடையது. ஓராண்டு கூட நிறையாமல், 1942 ஜூலையில் அந்தக் குரல் தடுமாறியது. சில மாதங்களில் பேச்சும் நினைவும் அவரைவிட்டு நீங்கின. அப்போது அவருக்கு 43 வயது.

பிறகு நடந்ததுதான் இவ்வரலாற்றின் மிக நீண்ட பகுதி. இவ்வாழ்க்கையை எழுதுவோர் பெரும்பாலும் மிகக் குறைவாகச் சொல்வதும் அதைத்தான். படுக்கையில் கிடந்த மனைவியைப் பராமரித்து வந்த கணவர் தாமே குழந்தை போலானார். எழுந்து நடக்க முடியாத பிரமீளா, படுத்தவாறே வீட்டை நடத்தினார். கணவருக்குத் தம் கையால் உணவூட்டினார். இரண்டு மகன்களும் அப்போது சிறுவர்கள். தாயின் மொழியும் தந்தையின் மௌனமும் கேட்டு அவர்கள் வளர்ந்தனர். 20 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. இதனிடையே நாடு விடுதலை பெற்றது, வங்காளம் இரண்டானது. எந்தப் பிரிவினையைத் தம் எழுத்தெல்லாம் எதிர்த்தாரோ, அது நிகழ்ந்ததை உணரும் நிலையில் அவர் இல்லை. மேற்கு வங்க அரசும் கிழக்குப் பாகிஸ்தான் அரசும் அவருக்கு மாத உதவித்தொகை வழங்கின என்பது விந்தையான உண்மை.

கொல்கத்தாவில் லும்பினி பார்க் மருத்துவமனையிலும் பின்னர் ராஞ்சியிலும் சிகிச்சை அளிக்கப்பட்டும் பலன் இல்லை. அன்பர்கள் நிதி திரட்டி, 1953-இல் கணவன் மனைவி இருவரையும் லண்டனுக்கும் அங்கிருந்து வியன்னாவுக்கும் அனுப்பினர். வியன்னாவில் மருத்துவர் ஹான்ஸ் ஹாஃப் பரிசோதித்து, மூளைச் சிதைவை உண்டாக்கும் பிக் நோய் என்றும் குணப்படுத்த இயலாது என்றும் தெரிவித்தார். டிசம்பரில் இருவரும் கொல்கத்தாவுக்குத் திரும்பினர். 1960-இல் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. விருது பெற்றவர் அதை அறிந்தாரா என்று சொல்ல எவராலும் இயலவில்லை.

1962 ஜூன் 30 அன்று பிரமீளா காலமானார். கணவரின் பூர்வீக ஊரான சுருலியாவில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மதம் மாறாத அப்பெண்ணின் கல்லறை இன்றும் அங்கே உள்ளது.

வங்கதேசம் உருவான பின், பிரதமர் ஷேக் முஜிபுர் ரகுமானின் அழைப்பையும் இந்திய அரசின் இசைவையும் தொடர்ந்து, 1972 மே 24 அன்று, தமது பிறந்த நாளில், நஸ்ருல் டாக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தன்மண்டி பகுதியில் வீடு ஒதுக்கப்பட்டது. அவர் பாசறை விட்டு வந்து சில ஆண்டுகளில் எழுதிய அணிவகுப்புப் பாடல் அந்நாட்டின் ராணுவப் பாடலாக ஏற்கப்பட்டது. 1974-இல் கிதார் கலைஞரான இளைய மகன் அனிருத்தா மறைந்தார். தந்தைக்கு அதுவும் தெரியவில்லை.

1976-இல் வங்கதேசக் குடியுரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று நஸ்ருல் டாக்கா மருத்துவமனையில் காலமானார். பள்ளிவாசலின் அருகே தம்மைப் புதைக்க வேண்டும் என்ற விருப்பம் அவரது பாடலொன்றில் இருந்ததை ஏற்று, டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசல் வளாகத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தனர். மனைவியின் கல்லறைக்கும் அவரது கல்லறைக்கும் இடையே ஒரு நாட்டின் எல்லை இருக்கிறது. கவிதை ஒப்புவிப்பில் புகழ்பெற்றவரும் தந்தையின் சொற்களை மேடைதோறும் ஒலித்தவருமான மூத்த மகன் சவ்யசாசி 1979-இல் காலமானார்.