அருவியில் விளக்கேற்றிய சர் சி.பி.

தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஆகாது என்பார்கள். ஆனால், தண்ணீரைக் கொண்டே விளக்கு ஏற்ற முடியும் என்று நம்பினார் ஒருவர். அவர்தான் சர் சி.பி. ராமசாமி அய்யர்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1950-களில் படித்தவர்களுக்கு, அவர் துணைவேந்தர். அவர்களுடைய பெற்றோருக்கோ, அவர் மின்சாரம் கொண்டுவந்த மந்திரி!

வக்கீல்

1879-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, வந்தவாசியில் பிறந்தார் ராமசாமி. தகப்பனார் பட்டாபிராம அய்யர், நீதிபதி.

சென்னையில் படித்து ராமசாமி வக்கீல் ஆனார். பேச்சில் வல்லவர். பணமும் புகழும் குவிந்தன. அன்னி பெசன்ட் அம்மையார் சுயாட்சி இயக்கம் தொடங்கியபோது, அவருக்குத் துணை நின்றார். 1920-ல் அட்வகேட் ஜெனரல் ஆனார்.

1923-ல் சென்னை கவர்னரின் நிர்வாக சபையில் அவருக்கு இடம் கிடைத்தது. 1928 வரை அந்தப் பதவியில் இருந்தார். பாசனமும் மின்சாரமும் அவர் கைக்கு வந்தன.

கரி இல்லாத நாடு

அந்த நாளில் தமிழ்நாட்டில் மின்சார விளக்கு என்பது பெரிய பட்டணங்களில் மட்டுமே காணக்கூடிய அதிசயம். கிராமத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். கிணற்றில் கவலை இறைக்க மாடுகள் மாடாய் உழைத்தன.

மின்சாரம் எடுக்க நிலக்கரி வேண்டும். அது இங்கே இல்லை. வங்காளத்திலிருந்து வரவேண்டும். கூலி கொடுத்துக் கொண்டுவந்த கரி, எரிந்தால் சாம்பல். மறுநாளைக்கு மறுபடியும் கரி வேண்டும்.

ஆனால் நீலகிரியில் பைக்காரா ஆறு, 3,000 அடிக்கு மேல் சரிந்து கீழே பாய்ந்துகொண்டிருந்தது. மலை உச்சியில் தண்ணீரைத் தேக்கி, இரும்புக் குழாய் வழியாகக் கீழே விட்டால், அது அசுர வேகத்தில் பாயும். அந்த வேகம் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும்.

இதில் கரி இல்லை, புகை இல்லை. தண்ணீரும் குறைவதில்லை. அடுத்த மழைக்கு மலை மீண்டும் நிரம்பும்.

ஆனால் மலையில் குழாய் போட ஏராளமான பணம் வேண்டும். பணத்தைக் கொட்டிய பிறகு மின்சாரத்தை வாங்க ஆள் வராவிட்டால்? பழி அவர் தலையில்தான் விழும். ஆனாலும் சி.பி. துணிந்தார்.

1927-ல் சென்னை மாகாணத்தில் மின்சார இலாகா ஏற்பட்டது. 1929-ல் பைக்காரா வேலை தொடங்கியது. 1932-ல் மின்சாரம் வந்தது. அப்போது சி.பி. பதவியில் இல்லை. விதைத்தவர் அவர்; அறுத்தவர்கள் கோவைக்காரர்கள். அங்கே ஆலைகள் பெருகின. கிணறுகளில் பம்பு செட்டுகள் ஓடின.

ஒரே தண்ணீர், இரண்டு வேலை

அவர் பதவியில் இருந்தபோதே, 1925-ல், மேட்டூர் அணை வேலையும் தொடங்கியது. 1934-ல் அணை முடிந்தது. 120 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. 1937-ல் அங்கும் மின்சாரம் எடுத்தார்கள்.

மேட்டூரில் சக்கரத்தைச் சுழற்றிய தண்ணீர் அதோடு ஓய்ந்துவிடுவதில்லை. காவிரியாக ஓடி, கொள்ளிடமாகப் பிரிந்து, கீழணை வழியாகச் சிதம்பரத்து வயல்களுக்கும் வருகிறது. அங்கே விளக்கு எரிய வைத்த அதே தண்ணீர், இங்கே நாற்றுக்கு உயிர் தருகிறது.

இதே கடலூர் மாவட்டத்தில், நெய்வேலியில் 1962-ல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். பெரிய செல்வம்தான். ஆனால் வெட்ட வெட்டக் குறையும் செல்வம். மழை தரும் மின்சாரமோ அப்படி அல்ல. காற்றையும் வெயிலையும் மின்சாரம் ஆக்கும் இந்தக் காலத்தில், இந்த வித்தியாசம் நன்றாகவே புரிகிறது.

திவான்

1936-ல் சி.பி., திருவிதாங்கூர் திவான் ஆனார். அதே ஆண்டு நவம்பரில், எல்லாச் சாதியினருக்கும் கோவில் கதவு திறக்க மகாராஜா பிரகடனம் செய்தார்.

அங்கும் சி.பி. மலையைத்தான் பார்த்தார். மூணாறு அருகே பள்ளிவாசலில் 1940-ல் மின்சாரம் பிறந்தது. அதை நம்பி ஆலுவாயில் அலுமினியத் தொழிற்சாலை வந்தது. உரத் தொழிற்சாலையும் எழுந்தது.

ஆனால், தண்ணீரைத் தேக்கத் தெரிந்தவருக்கு மக்களின் கோபத்தைத் தேக்கத் தெரியவில்லை. 1946-ல் புன்னப்புரை, வயலாரில் தொழிலாளர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். துப்பாக்கி பேசியது. ஏராளமானவர்கள் மாண்டார்கள். அந்த ரத்தக்கறை சி.பி.யின் பெயரில் ஒட்டிக்கொண்டது.

1947-ல் இந்தியா விடுதலை பெறும் நேரத்தில், திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். எதிர்ப்பு கொந்தளித்தது. ஜூலை 25-ந் தேதி, திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத விழாவில் அவரை ஒருவர் வெட்டினார். ரத்தம் பெருகியது. உயிர் பிழைத்தார். திருவிதாங்கூர் இந்தியாவுடன் இணைந்தது. ஆகஸ்டில் அவர் பதவியைத் துறந்தார்.

சிதம்பரத்தில்

அத்துடன் அவர் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். அதிகாரத்தில் இருந்தவர், மாணவர்களின் நடுவே வந்து நின்றார்.

1966-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி, லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 86.

அவர் செய்த நன்மையையும் மக்கள் மறக்கவில்லை. செய்த தவறையும் மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சி.பி.யின் கதை.

மேட்டூர் அணையைத் திறந்தால், சிதம்பரம் உழவர்கள் வாய்க்காலைப் பார்த்துக் காத்திருப்பார்கள். வழியில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, அந்தத் தண்ணீர் வந்து சேரும்.