கோபிர் மன்னரிடம் ஷைகு அவர்கள் கேட்ட ஐந்து காரியங்கள்

நைஜீரியா என்றதும் 2000-ல் கதூனாவிலும் 2001-ல் ஜோஸ் நகரிலும் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த இரத்தக் களரிதான் பலருக்கு நினைவு வருகிறது. 250-க்கும் மேற்பட்ட இனத்தவர் வாழும் அந்நாட்டின் வடபகுதியில், மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமைக்காக ஓர் ஆலிம் மன்னர்களிடம் வாதாடிய வரலாறு அதைவிடப் பழையது. ஷைகு உதுமான் தன் ஃபோடியோ (ரஹ்) அவர்களைத்தான் சொல்கிறோம்.

அன்னார் 1754-ல் கோபிர் நாட்டில் ஃபுலானிக் குடும்பமொன்றில் பிறந்தார்கள். தன் ஃபோடியோ என்றால் ஆலிமின் மகன் என்று பொருள். நாட்டு மக்களில் பெரும்பாலோர் ஹவுஸா இனத்தவர். மன்னர்கள் பெயரளவில் முஸ்லிம்கள். அரண்மனையிலோ பழைய சடங்குகளும் சேர்ந்தே நடந்தன. ஷைகு அவர்கள் இருபது வயதிலேயே ஊர் ஊராகச் சென்று பயான் செய்யத் தொடங்கினார்கள். பெண்களும் வந்து கேட்டனர். இதைக் கண்டித்த ஆலிம்களுக்கு, பெண்களை அறியாமையில் விடுவதே பெரிய தீங்கு என்று விடை சொல்லப்பட்டது. இந்த விடை நம் ஊர்களுக்கும் வேண்டியதுதான்.

1788 வாக்கில் ஹஜ்ஜுப் பெருநாளன்று மன்னர் பாவா ஆலிம்களை அழைத்துப் பரிசு வழங்கினார். ஷைகு அவர்கள் பொன்னை வாங்கவில்லை. பதிலாக ஐந்து காரியங்களைக் கேட்டார்கள். தாம் மக்களை மார்க்கத்தின்பால் அழைக்கத் தடை கூடாது. அழைப்பை ஏற்பவரை யாரும் தடுக்கக் கூடாது. தலைப்பாகை அணிந்தவர் மதிக்கப்பட வேண்டும். கைதிகள் விடுதலை பெற வேண்டும். குடிமக்கள்மீது வரிச்சுமை ஏற்றலாகாது. மன்னர் இசைந்தார்.

பின்னர் வந்த நஃபாத்தா அந்த வாக்கைத் தலைகீழாக்கினார். ஷைகு அவர்களைத் தவிர வேறெவரும் பயான் செய்யக் கூடாது, தகப்பன் முஸ்லிமாக இருந்தாலன்றி ஒருவன் முஸ்லிமாக வாழக் கூடாது, ஆண் தலைப்பாகையும் பெண் முக்காடும் அணியக் கூடாது என்று பறைசாற்றினார். அடுத்து அரியணை ஏறிய யுன்ஃபா, ஷைகு அவர்களிடம் ஓதியவர் என்றே சொல்லப்படுகிறது. அவருடைய காலத்தில் அப்துஸ் ஸலாம் என்ற ஹவுஸா சீடரின் ஊர் தாக்கப்பட்டது. பலர் கொல்லப்பட்டு, மற்றவர் கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டனர். ஷைகு அவர்களின் ஆட்கள் வழியில் அவர்களை விடுவித்தனர். குடும்பத்தோடு மட்டும் தேகல் ஊரைவிட்டு வெளியேறும்படி மன்னர் ஆணையிட்டபோது, ஜமாஅத்தை விட்டுத் தாம் மட்டும் போவதற்கில்லை என்று ஷைகு அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1804 பிப்ரவரியில் எல்லோருமாக குதூவுக்கு ஹிஜ்ரத் செய்தனர். போர் மூண்டது. 1808-ல் கோபிரின் தலைநகரான அல்கலவா வீழ்ந்தது, யுன்ஃபாவும் மாண்டார்.

வெற்றியோடு நிறுத்திவிடுவோர் உண்டு. நாம் அப்படிச் செய்ய மாட்டோம். 1807-லேயே, தம் தோழர்கள் உலக ஆசையில் விழுந்ததைக் கண்டு மனம் வெறுத்து, ஷைகு அவர்களின் தம்பி அப்துல்லாஹ் (ரஹ்) படையை விட்டுப் புறப்பட்டார்கள். வழியில் கானோ மக்கள் நிறுத்திக் கேட்டுக்கொண்டதால், ஆள்வோருக்கான சட்டநூல் ஒன்றை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

போர் போர்னூ நாட்டையும் தொட்டது. அங்கிருந்து ஷைகு முஹம்மது அல்காநமி (ரஹ்) கடிதம் எழுதினார்கள். தொழுகிற, ஜகாத் கொடுக்கிற எங்களோடு ஏன் போர்? பாவம் செய்தவன் காஃபிராகிவிடுவானா? இதுவே கேள்வி. போர்னூ எதிரி மன்னர்களுக்குத் துணைபோனது என்று ஷைகு அவர்களின் மகன் முஹம்மது பெல்லோ (ரஹ்) பதில் எழுதினார்கள். தம் உஸ்தாது ஜிப்ரீல் இப்னு உமர் (ரஹ்) பெரும்பாவிகளை காஃபிர் என்றபோது, அதை ஏற்க மறுத்தவர்கள் இதே ஷைகு அவர்கள்தாம். காநமியின் கேள்விக்குக் கடைசிவரை முழு விடை கிடைக்கவில்லை என்பதே நம் எண்ணம்.

ஷைகு அவர்கள் ஆட்சிப் பொறுப்பைத் தம்பிக்கும் மகனுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிதாபுகளிடம் திரும்பினார்கள். 1817-ல் சொகோட்டோவில் வஃபாத்தானார்கள். அன்னாரின் மகள் நானா அஸ்மா (ரஹ்) பின்னாளில் ஆசிரியைகளைப் பயிற்றுவித்து, நாட்டுப்புறப் பெண்களுக்கு மார்க்கம் கற்பிக்க அனுப்பிவைத்தார்கள்.