மண் வீடு கட்டிய மேதை

அனல் பறக்கும் நாடு எகிப்து. அங்கே ஏழைகளும் குளுமையான வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டார். அதற்கு அவர் நம்பியது சிமெண்டை அல்ல, காலடி மண்ணை! அவர்தான் கட்டிடக்கலை மேதை ஹஸன் ஃபாத்தி.

பண்ணையில் கண்ட காட்சி

1900-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அலெக்சாந்திரியா நகரில் பிறந்தார். நிலபுலன் உள்ள குடும்பம். கெய்ரோவில் கட்டிடக்கலை படித்து, 1926-ல் பட்டம் பெற்றார்.

ஒரு நாள், குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணைக்குப் போனார். அங்கே உழைத்தவர்களின் குடிசைகளைக் கண்டார். தாழ்ந்த கூரை, இருட்டு, அழுக்கு! அவர் மனம் துடித்தது. இவர்களுக்கு நல்ல வீடு வேண்டும் என்று உறுதி கொண்டார்.

இடிந்தது கூரை

சிமெண்டும் இரும்பும் வாங்க ஏழையிடம் பணம் ஏது? மண்ணோடு வைக்கோல் சேர்த்துக் குழைத்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்தால் பச்சைக்கல் தயார். சுவர் எழுப்பிவிடலாம். ஆனால் கூரைக்கு என்ன செய்வது?

அது இரண்டாவது உலகப்போர் சமயம். மரமும் கிடைக்கவில்லை. பச்சைக்கல்லாலேயே வளைவுக் கூரை போட்டுப் பார்த்தார். இடிந்து விழுந்தது!

தெற்கே அஸ்வான் பகுதியில், நூபியர்கள் மரமே இல்லாமல் வளைவு கட்டுவதாக அவருடைய சகோதரர் சொன்னார். 1941-ல் அங்கே போனார்.

கல்லூரியில் படிக்காத கொத்தனார்கள் பின்சுவரை உயர்த்திக் கட்டினார்கள். அதன்மேல் சேற்றால் வளைவை வரைந்தார்கள். வைக்கோல் மிகுந்த லேசான கற்களை அதில் சாய்த்து ஒட்டினார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசைமேல் சாய்ந்து நின்றது. முட்டுக் கொடுக்கவே தேவையில்லை! மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய வளைவுகள் எகிப்தில் இன்றும் நிற்கின்றன.

வெள்ளம் புகுந்தது

லக்ஸருக்கு எதிர்க்கரையில் குர்னா என்ற ஊர். மக்கள் பழங்காலக் கல்லறைகளின் மேல் குடியிருந்தார்கள். கல்லறைப் பொருள்கள் திருடு போயின. ஊரையே இடம் மாற்ற அரசாங்கம் முடிவு செய்தது. 1945-ல் அந்தப் பொறுப்பு ஃபாத்தியிடம் வந்தது.

வீடு, மசூதி, சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு எல்லாம் மண்ணால் எழுந்தன. ஆனால் குர்னாவாசிகளுக்குப் போக மனமில்லை. கல்லறைகளை விட்டால் அவர்களுக்குப் பிழைப்பு ஏது? யாரோ கரையை வெட்டி, புது ஊருக்குள் தண்ணீரைப் புகவிட்டார்கள். அதிகாரிகளும் இழுத்தடித்தார்கள். வேலை பாதியில் நின்றது. நொந்த மனத்துடன் 1957-ல் கிரீஸ் நாட்டுக்குப் போனார். 1962-ல் திரும்பினார்.

மண் ஜெயித்தது

1964-ல் கெய்ரோவில் ஒரு சோதனை நடந்தது. 50 சென்டிமீட்டர் கனமுள்ள மண்சுவரும் வளைவுக் கூரையும் கொண்டது ஓர் அறை. 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் பலகைகளால் ஆனது இன்னொன்று.

மண் அறையில் இரவும் பகலும் 21 முதல் 23 டிகிரிதான். கான்கிரீட் அறையிலோ 36 டிகிரி! வெளியே இருந்ததைவிட 9 டிகிரி அதிகம். தடித்த மண்சுவரைக் கடந்து பகல் சூடு உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுதான் ரகசியம்.

குர்னா அனுபவத்தை அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் பேர் பெற்றது. 1980-ல் ஆகாகான் கட்டிடக்கலை விருதுக் குழு அவருக்குத் தனி விருது அளித்தது. 1989 நவம்பர் 30-ந் தேதி கெய்ரோவில் காலமானார்.

இன்று குளிர் நாடுகளில், இரண்டு மண்சுவர்களுக்கு நடுவே சூடு கடத்தாத பலகையை வைத்துக் கட்டுகிறார்கள். பழைய மண்ணும் புதிய பொருளும் அங்கே கைகோக்கின்றன. மண்ணைக் கேவலமாக நினைக்காதீர்கள் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர் ஃபாத்தி. உலகம் இப்போது காது கொடுக்கிறது!