தூண்டில் போட்ட கலெக்டர்

மானாம்பதியில் ஏரி நிரம்பிவிட்டால் எனக்கு வீட்டில் கால் தங்காது. மூங்கில் கம்பு, தங்கூஸ், முள், தக்கை... இவ்வளவுதான் நம்ம தூண்டில். போன வருஷம் பெரிய விரால் ஒன்று மாட்டியது. என் கம்போ வளையாத கட்டை. ஒரே இழுப்பு, தங்கூஸ் பட்டென்று அறுந்தது!

ஏன் அறுந்தது என்று தேடப் போய்த்தான் ஹென்றி சல்லிவன் தாமஸைத் தெரிந்துகொண்டேன். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த வெள்ளைக்காரர். தென்கன்னடத்தில் கலெக்டர், பிறகு சென்னையில் ரெவின்யூ போர்டு உறுப்பினர். மனசெல்லாம் தூண்டில்மேல்தான். 1873ல் மங்களூரில் வெளியான அவருடைய 'தி ராட் இன் இந்தியா', தூண்டில்காரர்களுக்குப் பாடப்புத்தகமாகவே ஆகிவிட்டது. அவங்க ஊர் ஆறுகளில் சால்மன்தான் ராஜா. ஆனால் அதே அளவுள்ள நம்ம மஹ்சீர் அதைவிட நன்றாகப் போராடும் என்றார் தாமஸ். அதன் முதல் பாய்ச்சல் பயங்கரமானது. அதற்கு ஈடுகொடுக்க ரீலில் நிறைய நூல் இருக்கவேண்டும்.

ஏரி, குளத்துக்கென்றே 1887ல் தனிப்புத்தகமும் எழுதினார்.

புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்க: ராட் வளைந்து இழுப்பை வாங்கிக்கணும். ரீல் தடையில்லாமல் நூல் விடணும். நூல் ராடுக்கு ஏற்ற பலத்தில் இருக்கணும். மூன்றும் பொருந்தினால் மெல்லிய நூலும் தாங்கும். எல்லாம் நாம் படிக்கிற ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்தான்!

மீன் பிடித்த அதே மனிதர்தான், குஞ்சுகளையும் அள்ளும் பொடிக்கண் வலையால் மீன்வளம் அழியும் என்றும் எச்சரித்தார். மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டே 1874ல் ஒரு மீனுக்கு அவர் பெயரையே வைத்தார்.

இப்போது என் கம்பு வளைகிறது. குஞ்சு மாட்டினால் ஏரியிலேயே விட்டுவிடுகிறேன். வாயில் முள்ளோடு போன அந்த விரால்தான் இன்னும் உறுத்துகிறது.