நூல்களுக்காக எழுந்த இல்லம்

மும்பை தாதர் கிழக்கில் இந்து காலனி என்னும் பகுதி உள்ளது. மாட்டுங்காவிலிருந்து அங்கு நடந்தே செல்லலாம். அங்குள்ள 'இராஜகிருகம்' என்னும் மாடிவீடு, அண்ணல் அம்பேத்கர் வாழ்ந்த இல்லமாகும்.

பீமராவ் அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் நகரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி, படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். தீண்டாமைக் கொடுமையால் பள்ளியில் பீமராவ் பிற மாணவரோடு சேர்ந்து அமர இயலவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தொடவும் அவருக்கு உரிமையில்லை.

பின்னர்க் குடும்பம் மும்பைக்குக் குடிபெயர்ந்தது. பரேலில் 'சால்' எனப்படும் தொடர்குடியிருப்பில் ஓர் அறையே வீடாயிற்று. சமைப்பதும் உறங்குவதும் அங்கேயே. தந்தையார் பின்னிரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, மகனை எழுப்பிவிட்ட பின்னரே உறங்குவார். ஊர் உறங்கும் அவ்வேளையில் பீமராவ் விளக்கொளியில் படிப்பார்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலண்டனிலும் பயின்றார். உணவைக் குறைத்து நூல்கள் வாங்கினார். 1917இல் தாயகம் திரும்பியபோது அவருடைய பெட்டிகள் வேறொரு கப்பலில் வந்தன. முதல் உலகப்போரில் அக்கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. அரிதின் சேர்த்த நூல்களைக் கடல் கொண்டது. எனினும் அவர் மனம் தளரவில்லை. மீண்டும் இலண்டன் சென்று உயர்பட்டங்கள் பெற்று, 1923இல் மும்பையில் வழக்கறிஞரானார்.

அக்காலத்திலும் பரேலில் இரண்டு அறைகளிலேயே அவர் குடும்பம் வாழ்ந்தது. நூல்கள் பெருகின, வைக்க இடமில்லை. ஆதலால் 1930களின் தொடக்கத்தில், பெரிய நூலகத்துக்கு இடம் ஒதுக்கித் தாதரில் இல்லம் கட்டினார். புத்தர் அறம் உரைத்த மகதநாட்டுப் பழைய தலைநகரின் பெயரை அதற்குச் சூட்டினார். 1935இல் துணைவியார் ரமாபாய் இவ்வில்லத்திலேயே மறைந்தார்.

1947இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரானார். அரசியலமைப்பு வரைவுக்குழுவின் தலைவராகவும் விளங்கினார். அவர் தலைமையில் உருவான அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பள்ளியில் தண்ணீர்க் குடத்தைத் தொட இயலாத சிறுவரே, அந்நிலையைச் சட்டத்தால் மாற்றினார்.

1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் அவர் மறைந்தார். அவரது உடல் இராஜகிருகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. அவர் சேர்த்த நூல்களுள் பல, அவர் நிறுவிய சித்தார்த்தா கல்லூரியில் மாணவர்க்குப் பயன்படுகின்றன. இல்லத்தின் கீழ்த்தள அறைகள் இன்று நினைவகமாகப் போற்றப்படுகின்றன.

சிந்தித்து எழுதுக:
1. அம்பேத்கர் தாதரில் இல்லம் கட்டியதன் காரணம் யாது?
2. படிப்பதற்கு உன் வீட்டில் உனக்கு உதவுபவர் யார்? ஐந்து தொடர்களில் எழுதுக.